உளுந்தங்களியை எந்த அலமாரியில் வைப்பது?

திருநெல்வேலிப் பக்கம் கன்னடியன் கால்வாய் பாயும் ஊர் ஒன்றில், ஒரு பழைய வீட்டுப் பட்டாசலில், போன தை மாதம் பதினேழு நாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் பள்ளிக்கூட வாத்தியார். முந்தின வருஷம் காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போனது ஆயிரத்துச் சொச்சம் புத்தகம், அறுபத்து மூன்று நோட்டு, இரண்டு ஏட்டுக்கட்டு, டிரங்குப் பெட்டி நிறையப் பத்திரமும் கடிதமும், ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஏழு வகை விதைநெல். நான் கிளை நூலகங்களில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊருக்குள் இன்றைக்கும் ‘லைப்ரரியக்கா’தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும், பெரியவரின் பேரன்தான் என்னைக் கூப்பிட்டான்.

“அத்தை, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி டிரைவ்ல ஏத்திட்டா போதும்லா?”

“ஏத்திட்டு எப்படிலே தேடுவ?”

“சர்ச் பண்ணா வந்துரும்.”

தாத்தாவின் நோட்டில் ‘மே.கா. த. 4ந் தேதி’ என்று ஒரு வரி. மேலக்கால் என்ற வாய்க்காலில் தண்ணீர் விட்டது நாலாம் தேதி என்று அர்த்தம். ‘தண்ணீர்’ என்று தேடினால் இந்த வரி ஏழு ஜென்மத்துக்கும் வராது. அதைக் காட்டினேன். அப்புறம் பையன் பேசாமல் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

இந்த மாதிரி வீடுகள் நம் பக்கம் நிறைய இருக்கின்றன. புத்தகத்தை மட்டும் அடுக்குவதென்றால் சுலபம், யாரோ போட்டுவைத்த எண்ணை முதுகில் ஒட்டிவிடலாம். ஒரு மனிதர் படித்தது, கேட்டது, பட்டது எல்லாவற்றையும் சேர்த்து அடுக்குவது வேறு வேலை. அதை நாங்கள் செய்த விதத்தைச் சொல்கிறேன், தப்பு செய்த இடங்களையும் சேர்த்து.

முதல் வேலை, அலமாரியைத் தொடாமல் இருப்பது. தூசி தட்டி உயர வாரியாக நிறுத்திவைக்கக் கை பரபரக்கும். வேண்டாம். பெரியவர் எதன் பக்கத்தில் எதை வைத்திருந்தார் என்பதே ஒரு தகவல். மாட்டு வைத்திய நோட்டு நாலைந்து பழைய பஞ்சாங்கங்களோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஏன் என்று மூன்றாம் நாள்தான் புரிந்தது: பசு சினை பிடித்த தேதியை எல்லாம் பஞ்சாங்க ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறார். கட்டைப் பிரித்துப் பஞ்சாங்கத்தைச் சோதிடப் பக்கம் தள்ளியிருந்தால் நோட்டில் பாதி குருடாகியிருக்கும். அதனால் இருப்பதை இருக்கிறபடியே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏட்டுக்கட்டாக இருந்தால் கயிற்றை அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள். வரிசை கலைந்தால் படிக்கத் தெரிந்தவர்கூடத் திணறிப்போவார். கட்டு ஒன்றுக்கு அட்டை ஒன்று, அவ்வளவுதான்.

அட்டை என்று சொன்னேன் அல்லவா. நூலக அட்டைக்கு அளவு 12.5 செ.மீ.க்கு 7.5 செ.மீ. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எந்த வீட்டிலும் மஞ்சள் தடவின பழைய கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு கிடக்கும். வெட்டினால் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் கசியும். தவிர, வகையை மூன்று தடவையாவது மாற்றி எழுதப்போகிறீர்கள்.

அட்டையில் தலைப்பை மட்டும் எழுதினால் பிரயோசனம் இல்லை. இதைத் தேடி யார் வருவார், வந்து என்ன கேட்பார் என்று அவர் வாய்மொழியாகவே எழுதுங்கள். ‘வேளாண் நோட்டு – 7’ என்று எழுதாமல், ‘அந்த வருஷம் பிசானத்துக்கு எப்போ நாத்துப் பாவினாவ?’ என்று எழுத வேண்டும். பிசானம் என்பது நம் பக்கத்து நெல் சாகுபடிப் பருவம். பேரனுக்கு இது பிடிபட ஒரு நாள் ஆனது. பிடிபட்ட பிறகு என்னைவிட நன்றாக எழுதினான். கடிதக் கட்டு ஒன்றின் அட்டையில் அவன் எழுதியது: ‘கொழும்புக்குப் போன தாத்தா ஏன் திரும்பி வரல?’

முந்நூறு அட்டை சேர்ந்ததும் பாயை விரித்துக் குவியலாகப் போட்டுப் பிரிக்கலாம். இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு நேரத்தில் ஒரே அடிப்படையில்தான் பிரிக்க வேண்டும். அடுக்களைப் பாத்திரத்தைப் பித்தளை, எவர்சில்வர், மண் என்று பிரிக்கலாம். சோறு வடிக்க, குழம்பு வைக்க, தோசை சுட என்றும் பிரிக்கலாம். ‘பித்தளை, மண், தோசைக்கல்’ என்று மூன்று குவியல் போட்டால் மண்சட்டியில் தோசை வார்க்கிறவள் எங்கே போவாள்? கேட்கச் சின்ன விஷயம். ஆனால் நான் பார்த்த தனியார் நூலகங்களில் முக்கால்வாசி குழப்பம் இதுதான். ‘நாவல், தமிழ், பரிசுப் புத்தகம்’ என்று மூன்று அலமாரி வைத்திருப்பார்கள்.

எந்த அடிப்படையை எடுப்பது என்பதில் அவசரம் கூடாது. மேலே தெரிவதை நம்பினால் மோசம்போவோம். நம் மாவட்டத்து இடையன்குடியில் 1841-லிருந்து வாழ்ந்த கால்டுவெல், 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழிலும் தெலுங்கிலும் எத்தனை வடசொல் கலந்திருந்தாலும் அடிப்படைச் சொற்களும் இலக்கணக் கட்டும்தான் குடும்பத்தைக் காட்டும் என்பது அவருடைய வாதத்தின் உயிர்நாடி. சென்னையில் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1816-லேயே இதன் முதல் அடியை எடுத்துவைத்திருந்தார். வந்து ஒட்டிக்கொண்டதை வைத்து வகை சொல்லக் கூடாது. எங்கள் குவியலில் இருபத்திரண்டு நோட்டு உரக்கடை டைரிகள். அட்டையைப் பார்த்தால் எல்லாம் விவசாயம். உள்ளே பார்த்தால் பாதி, பெரியவர் எழுதிய வெண்பா.

வகைகளை நீங்களே யோசித்து உருவாக்குவதா, ஆயத்தமாக இருப்பதை எடுத்துக்கொள்வதா? ஆயத்தமாக நிறையவே இருக்கின்றன. நம்மிடம் அறம், பொருள், இன்பம் என்ற மூன்று உண்டு. மண்டல புருடர் செய்த சூடாமணி நிகண்டு என்ற பழைய சொற்பொருள் நூல் உலகத்துச் சொற்களைப் பன்னிரண்டு தொகுதியாகப் பிரித்திருக்கிறது: தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம், ஒலி என்று இப்படி. மேல்நாட்டில் பேக்கன் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1605-ல் மனத்தின் திறன் மூன்று என்று வைத்துக்கொண்டு நினைவுக்கு வரலாறு, கற்பனைக்குக் கவிதை, பகுத்தறிவுக்குத் தத்துவம் என்றார். அந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டி ஹாரிஸ் என்ற அமெரிக்கர் ஒரு முறை செய்ய, அதைப் பார்த்து டூயி என்ற அமெரிக்க நூலகர் 1876-ல் தன் தசாம்சப் பகுப்பை அச்சிட்டார். 000-த்திலிருந்து 900 வரை பத்து வகுப்பு. தத்துவம் 100, சமயம் 200, அறிவியல் 500, இலக்கியம் 800, வரலாறு 900. உலகம் முழுக்க நூலகங்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

டூயி முறை தெரிந்தால் நல்லது. ஆனால் ஊர்வீட்டுக்கு அது அளவெடுக்காத சட்டை. சமயத்துக்கான 200-களில் 220 முதல் 280 வரை கிறிஸ்தவம். மற்ற மதங்கள் அத்தனையும் 290-க்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டும். இந்து சமயம் 294.5. தமிழ் இலக்கியத்துக்கு 894.811. பெரியவரின் புத்தகங்களில் பாதிக்கு மேல் இந்த ஆறு இலக்கத்தில்தான் தொடங்கும். எல்லார் வீட்டுக் கதவிலும் ஒரே எண் எழுதின தெரு மாதிரி.

எனவே புத்தகங்களுக்கு டூயியைச் சுருக்கி வைத்துக்கொண்டோம். நோட்டு, கடிதம், பத்திரம், வாய்ச்சொல் இவற்றுக்கு எங்கள் சொந்த வகை. குவியலிலிருந்து முதலில் வந்தது ஏழு: நிலமும் பயிரும், ஆடுமாடு, உடம்பு, அடுக்களை, கைத்தொழில், கோயிலும் கொடையும் (கோயில் திருவிழாவைத்தான் நம் பக்கம் கொடை என்போம்), ஊரும் மனிதரும். கடைசியில் ‘இதர’. இந்த வரிசைக்கும் காரணம் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வகைகள் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும். தேடி வந்தவர் கை தவறிப் பக்கத்துக் கட்டை எடுத்தாலும் அவருக்கு வேண்டியது ஏதாவது கிடைக்க வேண்டும். ஆடுமாட்டின் நோய்க்கு அடுத்து மனுஷர் நோய், அதற்கு அடுத்து பத்தியமும் சாப்பாடும்.

பன்னிரண்டாம் நாள் சிக்கல் வந்தது. வீட்டு ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. பகலெல்லாம் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் சொல்லிப் பெரியவர் எழுதிவைத்த பக்குவ நோட்டு ஒன்று இருந்தது. சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு, அப்புறம் உளுந்தங்களி. நான் யோசிக்காமல் எல்லாவற்றையும் அடுக்களைக் குவியலில் போட்டு வாய்விட்டுச் சொன்னேன். ஊஞ்சல் நின்றது.

“எம்மா, உளுந்தங்களி சமையல்லா கெடையாது. அது சமைஞ்ச பிள்ளைக்குக் குடுக்கது. அதக் கொண்டு அடுக்களையில வைக்கியே!”

சமையல், சமைஞ்ச பிள்ளை. ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய்: பொருளைப் பார்த்தால் பலகாரம். பெரியமனுஷி ஆன பெண்ணின் இடுப்புக்குப் பலம் என்று கொடுப்பதால் மருந்து. இத்தனையாம் நாள், தாய்மாமன் வீட்டிலிருந்து வரும் சீரோடு என்று கணக்கு வைத்துக் கொடுத்தால் சடங்கு. மூன்றும் உண்மை. எதை எடுப்பது?

இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொன்ன மனிதர் நம்மூர்க்காரர்தான். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆகி, பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்திருக்கிறார். அதே இரும்புத் துண்டுகளையும் திருகாணிகளையும் வைத்து ஒரு தடவை பாலம், மறு தடவை பாரம்தூக்கி. அறிவையும் இப்படித் துண்டுகளாக வைத்துக்கொண்டு தேவைக்கேற்பப் பூட்டினால் என்ன என்று தோன்றியதாம். 1933-ல் வந்த கோலன் பகுப்பு அதிலிருந்து முளைத்தது. துண்டுகளைப் பூட்டும் திருகாணி முக்காற்புள்ளி, ஆங்கிலத்தில் கோலன், பெயரும் அதனால்தான். பிற்பாடு காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் சேர்ந்தன.

டூயி கேட்பது ‘இந்தப் பொருளுக்கு எந்த அறை?’ என்று. ரங்கநாதன் கேட்பது ‘இந்தப் பொருளுக்கு எத்தனை முகம்?’ என்று. முகம் ஐந்து என்றார்: ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம். புத்தகத்தில் படிக்கும்போது ‘ஆளுமை’ என்ற சொல்லே பயமுறுத்தும். எனக்குப் புரிந்தது பத்தமடையில் ஒரு பாய் நெசவு வீட்டு வாசலில் நின்றபோதுதான். அங்கே நெய்கிறார்கள். நெய்வது எதை? பாயை, அதுதான் ஆளுமை, பேச்சின் மையப்புள்ளி. எதனால்? ஆற்றங்கரைக் கோரையால், அது பொருள். என்ன செய்கிறார்கள்? நெய்தல், ஆற்றல். எங்கே? பத்தமடை. எப்போது? இன்றைக்கு, அல்லது அந்தம்மாவின் மாமியார் காலத்தில். துணி மாதிரி மடிக்கிற பட்டுப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு, ரங்கநாதன் சொன்னது இதுதானா என்று சிரித்துக்கொண்டேன். ஐந்து துண்டில் எதை மாற்றினாலும் புது அட்டை கிடைக்கும். கோரைக்குப் பதில் ஓலை, நெய்தலுக்குப் பதில் முடைதல், இடம் தேரிக்காட்டு ஊர்.

உங்கள் அட்டையின் கீழ்ப்பாதியில் ஐந்து கோடு போட்டு இந்த ஐந்தையும் நிரப்புங்கள். நிரம்பாத கோட்டை வெறுமனே விடுங்கள், கற்பனையாக நிரப்பக் கூடாது. உளுந்தங்களிக்கு நாங்கள் எழுதியது: களி / உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் / பூப்புக்குப் பின் உடம்பு தேற்றல் / ஆச்சி பிறந்த ஊர் / ஆச்சி சிறுமியாக இருந்த காலம். அப்புறம் ஆச்சியிடமே கேட்டேன், இதை யார் வந்து கேட்பார்கள் என்று. “பொம்பளப் பிள்ளையப் பெத்தவதான் கேப்பா” என்றார்கள். தீர்ந்தது. உடம்பு வகையில் வைத்தோம். அடுக்களைக் கட்டிலும் கோயில், கொடை, சடங்குக் கட்டிலும் ஒரு துண்டு அட்டை: ‘உளுந்தங்களி – உடம்பு பார்க்க’.

இடம், காலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கு ரங்கநாதனோடு ஒரு சின்னச் சண்டை உண்டு. அவர் வரிசையில் இடமும் காலமும் கடைசி. தொல்காப்பியத்தில் அவைதாம் முதல். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள். மனித உணர்ச்சியான உரிப்பொருள் அவற்றுக்குள்ளே இருக்கிறது. காதல் பாட்டை வகைப்படுத்தச் செய்த ஏற்பாடுதான், ஆனால் அனுபவத்தை வகைப்படுத்த இதைவிட நல்லதாக நான் ஒன்றைப் பார்த்ததில்லை. அச்சுப் புத்தகத்துக்கு ரங்கநாதன் வரிசை சரி. நெல்லைப் பற்றிய புத்தகம் எங்கே அச்சானாலும் நெல்தான். பட்டறிவு அப்படி இல்லை. ‘நாற்று இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம்’ என்று ஒருவர் சொன்னால், எந்த வயலில், கார் சாகுபடிக்கா பிசானத்துக்கா என்று தெரியாமல் அந்தத் தகவலுக்கு மதிப்பே இல்லை. தஞ்சாவூர்க்காரரிடம் பிசானம் என்றால் அவர் நம்மைத்தான் பார்ப்பார். பொதிகை மலையடிவாரத்தில் பலித்த மாட்டு வைத்தியம் உவரிக் கடற்கரையில் பச்சிலை கிடைக்காமல் நின்றுபோகும். அதனால் நோட்டு, வாய்ச்சொல் அட்டைகளில் இடமும் காலமும் மேல் வரியில், சிவப்புப் பென்சிலால்.

காலத்தை எழுதுவதில் நம் பக்கத்துக்கென்று ஒரு வம்பு இருக்கிறது. பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். எங்கள் டிரங்குப் பெட்டியில் ‘கொல்லம் 1098 பங்குனி’ என்று ஒரு கிரயப் பத்திரம். கொல்லம் ஆண்டு நம் பக்கம் ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-ஐ. எனவே அது 1923 மார்ச் வாக்கில். தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். ‘துந்துபி’ என்றால் 1922-ஆகவும் இருக்கலாம், 1982-ஆகவும் இருக்கலாம். ஸ்டாம்பு, காகிதம், கையெழுத்து இவற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முடியாவிட்டால் இரண்டையும் எழுதிக் கேள்விக்குறி போடுங்கள்.

துண்டு அட்டை என்று மேலே லேசாகச் சொல்லிவிட்டுப் போனேன். அதன் அருமை எனக்குத் தெரிந்தது வெட்கப்பட்டுத்தான். வேலையில் சேர்ந்து சில வருஷம் ஆன சமயம். ஒரு சித்திரை மாத மத்தியானம் வில்லுப்பாட்டு அண்ணாவி ஒருவர் வந்தார். ராத்திரி முழுக்கக் கொடையில் பாடிவிட்டுத் தொண்டை கட்டிப்போய், வீசுகோல் துணிப்பையிலிருந்து எட்டிப்பார்க்க, “தங்கச்சி, முத்துப்பட்டன் கதை அச்சுல இருக்காமே, இங்க உண்டுமா?” என்றார். இசை அலமாரியைப் பார்த்தேன், இலக்கிய அலமாரியைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆறு வருஷம் கழித்து அந்த நூலகத்தை விட்டு மாறுதலாகிப் போகும்போது இருப்பு எடுத்தால், சமயம் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. பட்டவராயன் சாமியாகச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் நிற்கிறவர் கதை என்பதால், சேர்ந்த புதிதில் நானேதான் அங்கே வைத்திருக்கிறேன்.

வைத்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பிராமணப் பிள்ளை சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இருவரை மணந்து, மாடு காக்கப் போய் வெட்டுப்பட்டுச் செத்துச் சாமியான கதை. அது சமயமா, பாட்டா, சாதி வரலாறா? எல்லாம்தான். மற்ற இரண்டு அலமாரியிலும் ‘சமயம் பார்க்க’ என்று ஒரு துண்டு அட்டை எழுத எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். வாசகரின் நேரத்தைச் சேமி என்பது ரங்கநாதனின் ஐந்து விதிகளில் நான்காவது, 1931-லேயே எழுதிவைத்துவிட்டார். படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள்தான் நான்.

துண்டு அட்டை மூன்றுக்கு மேல் போனால் அந்த வகையே சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அட்டை மூலையில் ஒரு எழுத்து. நம் சைவ சித்தாந்தப் பெரியவர்கள் அறிவு வரும் வழியைக் காண்டல், கருதல், உரை என்று பிரித்தார்கள். நேரில் பார்த்தது, பார்த்ததிலிருந்து ஊகித்தது, நம்பத்தக்கவர் சொன்னது. நாங்கள் மூலையில் கா, க, உ என்று போட்டோம். பெரியவர் நோட்டில், ‘தட்டான் தாழப் பறந்தது, மறுநாள் மழை’ என்ற குறிப்புக்குக் கா. ‘ஆகவே இந்த வருஷம் மழை முந்தும்’ என்பதற்குக் க. ‘எங்கப்பா காலத்தில் வெள்ளம் கோயில் நடைவரைக்கும் வந்ததாம்’ என்பதற்கு உ. இது இல்லாவிட்டால் இருபது வருஷம் கழித்துப் படிக்கிறவர் மூன்றையும் ஒரே தட்டில் வைத்துவிடுவார். எல்லாவற்றையும் நம்புவார், இல்லை எதையும் நம்பமாட்டார். பேரன் அவனாக ஒரு எழுத்தைச் சேர்த்தான்: செய்தித்தாளில் வெட்டி ஒட்டினதற்குச் ‘செ’. உரைக்குள்ளேயே அது அடங்கும்தான், சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

இனி ‘இதர’. இதைப் போடவே கூடாது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். சூடாமணி நிகண்டிலேயே பல்பொருட்பெயர்த் தொகுதி என்று ஒன்று இருக்கிறது. மண்டல புருடருக்கே தேவைப்பட்டது நமக்குத் தேவைப்படாதா? ஆனால் வாரம் ஒருமுறை அந்தக் கட்டைத் திறந்து பார்க்க வேண்டும். நமக்கு எந்த வகை விட்டுப்போயிற்று என்பது அங்கேதான் தெரியும்.

எங்கள் இதரக் கட்டில் முதல் வாரம் நாற்பது அட்டை. பாயில் பரப்பினோம். மேலக்காலில் தண்ணீர் விட்ட தேதிகள். குளத்து மடையை யார் திறப்பது என்று இரண்டு தெருவுக்குள் நடந்த வழக்கு. கிணறு வெட்ட நீரோட்டம் பார்த்த குறிப்பு, தண்ணீர் உப்பா நல்லதா என்று ஆழவாரியாக. ஆற்று வெள்ளம் எந்தப் படிக்கட்டுவரை ஏறியது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுப் பெயரையும் கோடைமேலழகியானில் ஆரம்பித்து ஸ்ரீவைகுண்டம் வரை மனப்பாடம் பண்ண ஒரு பாட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பெரியவரே கட்டியது. நாற்பதில் இருபத்தாறு தண்ணீர்! தண்ணீருக்குச் சண்டை போட்டு, தண்ணீரால் வாழ்ந்து, தண்ணீர்க் கணக்கை நாற்பது வருஷம் எழுதிவைத்த மனிதருக்கு நாங்கள் போட்ட ஏழு வகையில் தண்ணீரே இல்லை. ஏன் என்று யோசித்தேன். நான் படித்த எந்த முறையிலும் அது முதல் வகுப்பாக இருந்ததில்லை. விவசாயத்தில் கொஞ்சம், பொறியியலில் கொஞ்சம், சட்டத்தில் கொஞ்சம் என்று சிதறிக்கிடக்கும். என் கையும் பழக்கத்தில் அப்படியே போயிருக்கிறது. அன்றைக்கே ‘நீர்’ என்று எழுதி முதலிடத்தில் வைத்தோம். எல்லா எண்ணும் ஒன்று தள்ளின. பென்சிலில் எழுதச் சொன்னதன் அர்த்தம் பேரனுக்கு அப்போதுதான் புரிந்திருக்கும்.

எண் போடுவது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 1 முதல் 8 வரை எங்கள் வகைகள், 0 இதர. 9-ஐக் காலியாக விட்டோம், நாளைக்கு வருவதற்கு. உள்பிரிவுக்குச் சொல்லையே எழுதினோம்: ‘2 – நெல் – பிசானம்’. ஆயிரம் அட்டைக்கு இது போதும். பத்தாயிரம் ஆனால் வேறு யோசிக்கலாம்.

கடைசி வேலையை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்: அகரவரிசைச் சொல்லடைவு. நிகண்டு வகைவாரியானது, மனப்பாடம் பண்ணினவர்களுக்கு அது போதும். பண்ணாதவர்களுக்காகத்தான் வீரமாமுனிவர் 1732-ல் சதுரகராதியை எழுத்து வரிசையில் செய்தார். டூயியும் தன் புத்தகத்தின் பின்னால் ஒரு பெரிய அடைவு சேர்த்தார். உங்கள் வகைப்பாடு உங்கள் தலைக்குள் இருக்கிறது, வருகிறவர் தலைக்குள் இல்லை. அவர் ஒரு சொல்லோடுதான் வருவார், அதுவும் ஊர்ச் சொல்லோடு. எனவே ‘கால்நடை மருத்துவம்’ என்று ஒரு வரி எழுதினால் ‘மாட்டு வைத்தியம்’ என்று இன்னொரு வரி, ‘கோமாரி’ என்று மூன்றாவது வரி. ‘பூப்பு’, ‘சடங்கு’, ‘பெரியமனுஷி’, ‘சமைஞ்ச பிள்ளை’ நாலும் ஒரே எண்ணுக்குப் போக வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். சொல் வராவிட்டால் தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு, ‘இதை நீங்க என்னன்னு சொல்லுவீய?’ என்று கேளுங்கள். எங்களுக்குப் பால்காரர் மட்டும் பதினோரு சொல் கொடுத்தார்.

பதினேழாம் நாள் அட்டைகளைப் பழைய பிஸ்கட் தகரப் பெட்டிகளில் அடுக்கி, வசம்புத் துண்டு போட்டு மூடினோம். ரப்பர் பேண்டு போடாதீர்கள். வெயிலில் இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும், நூல்கயிறு நல்லது. விதைநெல் பாட்டில்களுக்கும் ஆளுக்கொரு அட்டை, ‘2 – நெல்’. முளைக்குமா என்று தெரியவில்லை. சேர்த்துவைத்தது என்னவோ பெரியவர்தான்.

போன வாரம் பேரன் சென்னையிலிருந்து போன் பண்ணினான். ஆச்சி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்கள். நாலு நிமிஷம். உளுந்தங்களிக்கு உளுந்தைத் தோலோடு வறுக்க வேண்டும், நோட்டில் தாத்தா தோலை விட்டுவிட்டார், அவருக்கு அடுக்களை என்ன தெரியும் என்று.

“இத எங்க வைக்க, அத்தை?”

பழைய அட்டைக்குப் பின்னாலேயே புது அட்டை வைக்கச் சொன்னேன். மூலையில் தாத்தா அட்டைக்கு உ, ஆச்சி அட்டைக்குக் கா.